கடைசிக் கட்டளை

செயலைக் குறிக்கும் நம் சொற்களில் கை ஒட்டிக்கொண்டே வருகிறது. கையாள்வது, கைவிடுவது, கைப்பற்றுவது. 'இதில் என் கை இல்லை' என்கிறோம். 'விஷயம் கைமீறிப் போய்விட்டது' என்கிறோம். செய்தவன் யார் என்று கேட்டால் கையைப் பார்க்கிற பழக்கம் மொழிக்குள்ளேயே படிந்திருக்கிறது. கை தொடாத தூரத்தில் நடந்த ஒன்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால்தான் மொழி கொஞ்சம் திணறுகிறது. உத்தரவு போட்டவன் பொறுப்பு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். போட்டவன் அதை வாபஸ் வாங்கிவிட்டான், வாபஸ் வாங்கிய செய்தி மட்டும் போய்ச்சேரவில்லை என்றால்?

தார்மீகப் பொறுப்பு என்ற தொடர் நண்பர்களின் கட்டுரைகளில் அடிக்கடி தட்டுப்படுகிறது. உதாரணம் கேட்டால் உடனே ஜெர்மனிக்குப் போய்விடுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. என்னுடைய உதாரணம் 65 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பொம்மைப் படகு. ரேடியோவில் இயங்குவது. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

அக்கா மகன் பெரம்பலூரில் பொறியியல் படிக்கிறான். விடுமுறை நாட்களில் அரியலூரில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து அதைக் கட்டினான். நான் பிடித்துக்கொள்ளச் சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டேன். கப்பல் கட்டுவதற்கு அரியலூர் பொருத்தமான ஊர் அல்ல. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்பு பொருத்தமாக இருந்திருக்கும். அன்று இங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்பைத்தான் இன்று சிமெண்டு ஆலைகள் தோண்டிக்கொண்டிருக்கின்றன. காரைப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் இன்னும் கிடைக்கின்றன.

மெல்லிய பிளைவுட்டில் விலா எலும்புகள், அவற்றின்மேல் பட்டைப் பலகைகள், வெளியே ஃபைபர் துணியும் ரெசினும். எல்லாம் ஏற்றிய பிறகு படகின் எடை 1,600 கிராம். அப்படியானால் அது 1,600 கிராம் தண்ணீரை, அதாவது ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, விலக்கியாக வேண்டும். ஆர்க்கிமிடீஸ் பள்ளிக்கூடத்தில் எனக்கு விளங்கியதில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டியில், பேட்டரியை நான்கு விரற்கடை முன்னே தள்ளியதும் அமுங்கிக் கிடந்த பின்பக்கம் மெல்ல எழுந்து நேரானபோது விளங்கிற்று. விசிறியைச் சுழற்றும் எஃகுத் தண்டு ஒரு பித்தளைக் குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் நிறைய கிரீஸ். கிரீஸ் இல்லையென்றால் அந்த வழியாகவே தண்ணீர் ஏறிவிடும். மோட்டாரும் தண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் படகு முழுவதும் அதிரும், பேட்டரி சீக்கிரம் தீரும்.

முதலில் வந்த கோளாறு சுவாரஸ்யமானது. மோட்டாரை ஓட்டியதும் சுக்கான் நடுங்கியது. யாரும் விசையைத் தொடவில்லை. அது பாட்டுக்கு வாதம் வந்த விரல் மாதிரி ஆடிற்று. பையன் கையாண்ட முறை எனக்குப் பிடித்தது. எதையும் ஊகிக்கவில்லை. மோட்டாரின் கம்பியைக் கழற்றினான், சுக்கான் அமைதியாயிற்று. திரும்ப மாட்டினான், நடுங்கிற்று. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ்கள் உரசும் இடத்தில் ஓயாமல் தீப்பொறி பறக்கிறது. மார்க்கோனி முதலில் செய்தி அனுப்பியதே தீப்பொறியை வைத்துத்தான். ஆக, மோட்டார் எழுத்தறிவில்லாத ஒரு சின்ன ரேடியோ நிலையம். அதன் இரைச்சல் கம்பி வழியாகச் சுக்கானைத் திருப்பும் செர்வோவுக்குப் போய்க் கட்டளை வேஷம் போடுகிறது. 104 என்று எண் போட்ட கெபாசிட்டர்கள் மூன்று. ஒன்று மோட்டாரின் இரு முனைகளுக்கு நடுவே, மற்ற இரண்டும் முனைக்கு ஒன்றாக அதன் உலோக உடம்போடு சேர்த்துப் பற்றவைத்ததும் நின்றுவிட்டது. தன் எஞ்சின் போடும் சத்தத்தையே மேலிருந்து வந்த ஆணையாக எடுத்துக்கொள்கிறவர்கள் நம் கவிஞர்களிலும் உண்டு. அது வேறு கட்டுரை.

ஐப்பசி மழைக்குப் பின் நிரம்பியிருந்த ஓர் ஏரிக்குக் கொண்டுபோனோம். சுமார் எழுபது எட்டுத் தொலைவில், எதிர்க்கரையின் கோரைப் புதர் அருகே படகு போய்க்கொண்டிருந்தபோது பையன் விசையிலிருந்து விரலை எடுத்தான். படகு நிற்கவில்லை. அதே வேகத்தில் போய்ச் செருகிக்கொண்டு, பின்னால் தண்ணீரைக் கடைந்துகொண்டிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர்; தண்ணீர் அதை விழுங்கிவிடும். படகின் ஆண்டெனா நீர்மட்டத்துக்கு ஒரு விரல் உயரத்தில் இருந்தது, நடுவில் நனைந்த கோரை. சமிக்ஞை அறுந்துவிட்டது. அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன், உதவி செய்வதாக நினைத்து முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைத் தூக்கினான். பித்தளை விசிறி இரண்டு விரல்களைக் கிழித்துவிட்டது. பெரிய காயமில்லை, ஊசி போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த அவன் அப்பா கோபப்படவில்லை. லாரி விபத்தில் கேட்பதுபோல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாரு சார் ஓட்டுனது?"

"நான்தாங்க. ஆனா அப்ப நான் ஓட்டல" என்றான் என் அக்கா மகன்.

அவன் சொன்னது உண்மை. விசை நடுவில் நின்றிருந்தது. அந்தச் சில வினாடிகள் படகை ஓட்டியது அவனுடைய கடைசிக் கட்டளை. அவன் கைவிட்டுவிட்ட கட்டளை. சமிக்ஞை அறுந்தால் கடைசியாகக் கேட்டதையே தொடர்ந்து செய் என்பதுதான் அந்த ரிசீவரின் சுபாவம். அப்படித்தான் பெட்டியிலிருந்து வந்தது. அதாவது எங்கோ ஒரு மேஜையில், இந்த ஏரியையும் இந்தச் சிறுவனையும் பார்க்காத ஒருவர், இப்படி இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்.

கவுண்டரில் உட்கார்கிறவனுக்கு இது புதிதல்ல. மாதம் ஐந்தாம் தேதி இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு இவ்வளவு மாற்று என்று வாடிக்கையாளர் நிரந்தர உத்தரவு கொடுக்கிறார். அவர் செத்துப்போகிறார். செத்த செய்தி வங்கிக்குத் தெரியவரும்வரை அந்த உத்தரவு செல்லும் என்பது சட்டம். ஐந்தாம் தேதி வருகிறது, பணம் போகிறது. பிணத்தின் கை கையெழுத்துப் போடுவதுபோல எனக்கு அது ஆரம்பத்தில் கலக்கமாக இருந்தது. வேறென்ன செய்ய முடியும் என்பதும் தெரிந்ததுதான். ஒவ்வொரு மாதமும் ஆள் உயிரோடிருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் பணம் மாற்றினால், உயிரோடிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இந்த வகைப் படகின் தகப்பன் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் ஒரு தொட்டிக்குள் கம்பியில்லாமல் படகு ஓட்டிக்காட்டினார்; அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. படகுக்கு இருப்பது இரவல் மனம் என்ற பொருளில் பின்னால் எழுதினார். இவ்வளவு நாசகரமான ஆயுதம் கைக்கு வந்தால் தேசங்கள் பயந்து போரையே விட்டுவிடும் என்றும் நம்பினார். 2022 அக்டோபரில் செவஸ்தபோல் துறைமுகத்தில் ஆளில்லாப் படகுகள் வெடிமருந்தோடு புகுந்ததைப் பார்க்க அவர் இல்லை. இரவல் கொடுத்தவன் இணைப்பு அறுந்த பிறகும் கொடுத்தவனாகவே இருக்கிறானா என்பதைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கவலைப்பட்டவர்கள் ரயில்வேக்காரர்கள். பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். (அங்கேயும் கை.) கேபினில் நெம்புகோலை இழுத்தால் கம்பி இழுபட்டுக் கை கீழே இறங்கும், வண்டி போகலாம். கம்பி அறுந்தால்? கையின் மறுபக்கம் கட்டியிருக்கும் எடை அதைத் தானே கிடைமட்டமாக்கிவிடும்; வண்டி நிற்கும். வாக்வம் பிரேக்கும் அப்படியே. பெட்டிகள் நடுவில் பிரிந்தால் காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். போ என்பதற்குத்தான் ஒருவர் விடாமல் முயன்றுகொண்டிருக்க வேண்டும். நில் என்பது இரும்பின் சுபாவமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முன்னேற்றத்தைக் கண்மூடி நம்பியது என்று எழுதுகிறோம். இந்த எடையைக் கட்டியவன் எதையும் கண்மூடி நம்பியவனாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கைகாட்டிக்குத் தெரிவது முன்னால் வேறு வண்டி இருக்கிறதா என்பது மட்டும். தண்ணீரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 1956 நவம்பர் 23ஆம் தேதி விடிவதற்கு முன், அன்றைய திருச்சி ஜில்லாவின் அரியலூர் அருகே, மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இற்றுப்போயிருந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதன்மேல் வந்தது. 140 பேருக்குமேல் இறந்தார்கள். ஓட்டுநருக்குக் கிடைத்திருந்த கடைசிக் கட்டளை 'போ'. ஆறு சொன்ன 'நில்' வந்துசேர ஒரு கம்பி கிடையாது. இந்த ஊரில் அன்றிரவைப் பற்றிப் பேசும் வயதானவர்கள் இன்றும் சத்தத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் விபத்தின்போதும் கடிதம் கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி எவ்விதத்திலும் இதற்குக் காரணமல்ல, ஆயினும் அரசியல் நெறிக்கு இது முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பது நேரு சொன்னதன் சாரம். 1957 தேர்தலில் துணை மந்திரி அழகேசனின் பெயரை எதுகையில் வைத்துத் தி.மு.க. ஊரூராய்ப் பிடித்த கோஷம் தமிழ்நாட்டுக்கு அதிகம் நினைவிருக்கிறது. 1999இல் கைசல் விபத்துக்குப் பின் நிதீஷ் குமார் விலகியபோதும் எல்லோரும் அரியலூரைத்தான் நினைத்தார்கள்.

நேருவின் வாதம் விநோதமானது, ஆழமானதும்கூட. காரணமல்லாதவர் பொறுப்பேற்பது சரி என்கிறது அது. பொறுப்பைக் காரணத்திலிருந்து, அதாவது கையிலிருந்து, பிரித்துவிடுகிறது. சாஸ்திரியின் செயலை நான் குறைத்துப் பேசவில்லை. பதவியை எச்சில் இலைபோல விட்டுவிட எல்லோராலும் முடியாது. எனக்கு உறுத்துவது அதை நாம் வழிபடும் விதம். விபத்துக்குப் பின் ஒருவர் தலை குனிந்தார் என்பதில் நமக்குக் கிடைக்கும் திருப்தி, விபத்துக்கு முன் எவர் என்ன முடிவு செய்திருந்தார் என்ற சலிப்பூட்டும் கேள்வியை மறைத்துவிடுகிறது. மழைக்காலத்தில் எந்தப் பாலத்தில் காவல் போடுவது, தண்ணீர் எந்த அளவைத் தொட்டால் வண்டியை யாரையும் கேட்காமல் நிறுத்துவது என்பதெல்லாம் கவிதைக்கு உதவாத விஷயங்கள். அறம் தங்கியிருப்பது அங்கேதான்.

நம் பழைய ராஜினாமா ஒன்றைப் பார்க்கலாம். பாண்டியன் நெடுஞ்செழியன் சிம்மாசனத்திலிருந்து விழுந்து இறந்ததைத்தான் மேடைகளில் சொல்வார்கள். சிலப்பதிகாரத்தில் அதற்கு முன் ஓர் இடம் இருக்கிறது. ஊடியிருக்கும் தேவியிடம் போகிற அவசரத்தில், அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு அரசன் அந்தப்புரத்துக்குள் போய்விடுகிறான். இணைப்பு அறுகிறது. காவலர்கள் கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் முகத்தில் களவு இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் பேசுகிறான். இளங்கோ இந்தத் தயக்கத்துக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் தயங்கினால் திரும்பி வா என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் குடித்திருந்த ஒருவன் வாளை வீசுகிறான். யார் ஓட்டியது? பிற்பாடு அரசன் தானே கள்வன் என்றான், உயிரையும் விட்டான். ஆனாலும் மதுரை எரிந்தது.

இதற்கு ஒரு பதில் உண்டு. அது பலவீனமான பதிலும் அல்ல. அறுந்தால் நில் என்பது எப்போதும் பத்திரமானதா? பிரேக் தானாகப் பிடித்து வண்டி நிற்கும் இடம் இற்றுக்கொண்டிருக்கும் பாலத்தின் நடுவாகவும் இருக்கலாம். பறக்கும் பொம்மை விமானத்தின் எஞ்சினை நிறுத்தினால் அது யார் தலையிலாவது இறங்கும். எங்கள் படகு நடு ஏரியில் நின்றுவிட்டால் அதை எடுக்க யாரோ நீந்திப் போக வேண்டும். நம் ஏரிகளின் சேறு நீச்சல் தெரிந்தவர்களையே பிடித்துக்கொள்கிறது. இரண்டு விரலைக் காப்பாற்றி ஓர் ஆளைப் பலிகொடுத்த கணக்காகிவிடும். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். பத்திரம் என்பது இயற்கையில் கிடக்கிற பொருளல்ல. யாருக்குப் பத்திரம், யார் செலவில் என்று முன்கூட்டியே ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். நான் கேட்பதெல்லாம் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. அந்தச் சிறுவனின் அப்பா கேட்ட கேள்விக்கு, ஓட்டியவன் பெயரோடு அந்த மேஜைக்காரரின் பெயரையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்னிடம் அந்தப் பெயர் இல்லை. பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆண்டெனாவை ஒரு குளிர்பான ஸ்ட்ராவுக்குள் விட்டுப் படகின் மேல்தளத்துக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்தியாயிற்று. விசிறியைச் சுற்றிக் கம்பி வளையம். ரிசீவரின் பொத்தானை அழுத்திச் சமிக்ஞை அறுந்தால் மோட்டார் நிற்கும்படி மாற்றியாயிற்று. கரையில் வைத்து, கையிலிருக்கும் பெட்டியை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தோம், நிற்கிறது. சுக்கான் விஷயத்தில்தான் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. மோட்டார் நின்ற பிறகும் படகு சில கஜம் வழுக்கிக்கொண்டு போகும். "நேரா இருக்கட்டும் மாமா, எங்க போகும்னு கரையில நிக்கிறவனுக்குத் தெரியும்" என்கிறான் அவன். ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் யாரையும் நெருங்காமல் இருந்த இடத்திலேயே வட்டம் போட்டு ஓயும் என்கிறேன் நான். வட்டத்துக்குள் ஏற்கெனவே யாராவது குளித்துக்கொண்டிருந்தால் என்று கேட்கிறான். இன்னும் ஏரிக்குக் கொண்டுபோகவில்லை.