முதுமையின் வீழ்ச்சியும் சமுதாயத்தின் கடமையும்

வயோதிபர் ஒருவர் கால் இடறி விழுந்துவிட்டார் என்ற செய்தியைக் கேட்டதும் நாம் வழக்கமாகக் கூறும் மறுமொழிகள் இரண்டு. ஒன்று, "வயது போனால் அப்படித்தான்" என்பது. மற்றது, "கவனமாக நடந்திருக்கலாமே" என்பது. முன்னது வீழ்ச்சியை இயற்கையின் மேற் சுமத்துகின்றது. பின்னது விழுந்தவர் மேலேயே சுமத்துகின்றது. இரண்டுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. சுற்றியிருக்கும் சமுதாயத்தை இரண்டுமே பொறுப்பிலிருந்து விடுவித்து விடுகின்றன. இந்த விடுவிப்பு நியாயமானதா என்பதே நாம் ஆராய வேண்டிய அறவியற் பிரச்சினையாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்ததனால் இறக்கின்றனர். முதியோரே அவர்களுட் பெருந்தொகையினர். முதுமையில் தசை மெலிவதும், பார்வை மங்குவதும், உடற்சமநிலை தளர்வதும் இயற்கையின் விதிகளே. ஆனால், இயற்கையின் விதியை அறிந்து அதனை வசப்படுத்துவது வேறு. அதற்கு அடிபணிந்து கிடப்பது வேறு.

1997ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. 80 வயதும் அதற்கு மேலுமான 233 பெண்கள் அதிற் பங்குபற்றினர். அவர்களுட் பாதிப் பேரின் வீடுகளுக்கு இயன்மருத்துவர் சென்று, கணுக்காலிற் பாரம் கட்டிக் காலை மடக்கி நீட்டுதல், ஒற்றைக் காலில் நிற்றல் போன்ற எளிய பயிற்சிகளைக் கற்பித்தார். ஓராண்டின் பின்னர், பயிற்சி பெற்றோரிடையே வீழ்ச்சிகள் கணிசமாகக் குறைந்திருந்தன. 2019ல், 23,000க்கு மேற்பட்ட முதியோர் பங்குபற்றிய 108 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் மீளாய்வும், உடற்பயிற்சியினால் வீழ்ச்சிகள் நூற்றுக்கு 23 என்னும் அளவிற் குறைகின்றன என்ற முடிவுக்கே வந்தது.

செய்ய இயலாத ஒன்றைச் செய்யுமாறு அறம் எவரையும் பணிப்பதில்லை என்பது ஜேர்மனியத் தத்துவஞானி கான்ற்றின் அறவியலில் அடங்கியுள்ள ஒரு கருத்து. அதன் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். இயலாமை நீங்குமிடத்துக் கடமை பிறக்கின்றது. தடுக்கும் வழி தெரியாத காலத்தில் "விதி" என்று கூறியவர் அறியாதவர். தெரிந்த பின்னரும் அதையே கூறுபவர் பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர்.

ஆயின், வழி தெரிந்திருத்தல் மாத்திரம் போதாது. அது வேண்டியவரைச் சென்று சேரவும் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கு 65 வயதுக்கு மேற்பட்டோரில் நால்வருக்கு ஒருவர் ஆண்டுதோறும் விழுகின்றார். 2010க்குப் பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட கிராமப்புற வைத்தியசாலைகள் அந்நாட்டில் மூடப்பட்டுள்ளன. கார் ஓட்டும் வயதைக் கடந்துவிட்ட கிராமத்து மூதாட்டிக்கு, தொலைதூர நகரத்தில் நடைபெறும் பயிற்சி வகுப்பு இருந்தும் இல்லாததே.

இந்த இடைவெளியை நிரப்பவே காணொளி வழியான வகுப்புகள் தோன்றின. முன்னாள் படைவீரருக்கென வட கரோலினாவின் டேர்ஹம் நகரில் 1986ல் தொடங்கப்பட்ட 'ஜெரோஃபிற்' என்னும் அரச பயிற்சித் திட்டம் இதற்கோர் எடுத்துக்காட்டு. கொவிட் நோய் பரவிய 2020ன் பின்னர் அது காணொளி வழியாக வீடுகளுக்குள்ளும் பரவலாகச் சென்றது. இத்தகைய வகுப்புகளில் முதியவர் சுவரோடு சேர்த்து வைத்த உறுதியான நாற்காலியைப் பற்றிக்கொண்டு பயில்கின்றார். ஆசிரியர் திரையில் அவரது பாதங்களை நோக்கித் திருத்துகின்றார். எவரேனும் விழுந்தால் உதவி அனுப்புவதற்காக வீட்டு முகவரியை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்கின்றார்.

"தடுமாறும் முதியவரைத் திரை தாங்கிப் பிடிக்குமா?" என்று மனிதாபிமானிகள் வினவக்கூடும். வினா நியாயமானதே. தோளில் வைத்த கைக்குத் திரை ஈடாகாது. அதனால், மிகவும் தளர்ந்தோரின் வீட்டுக்கு ஆள் செல்லவே வேண்டும். எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஒருமுறை விழுந்தவரை அச்சம் பற்றிக்கொள்கின்றது. அச்சத்தால் நடமாட்டம் குறைகின்றது. நடமாட்டம் குறையத் தசை மேலும் மெலிகின்றது. மெலிந்தவர் மீண்டும் விழுகின்றார். இந்த நச்சு வட்டத்தைத் தனிமை இறுக்குகின்றது. வாரந்தோறும் ஒரே நேரத்தில், தம்மையொத்த பத்துப் பேரின் முகம் கண்டு, ஒருவர் வராவிடின் மற்றவர் விசாரிக்கும் வகுப்பு, திரை வழியாக நடப்பினும் ஒரு கூட்டு வாழ்வே. தனியே பார்த்துச் செய்யும்படி அனுப்பப்படும் ஒளிப்பதிவு இதற்கு ஈடாகாது. ஆகவே, கருவியா மனிதனா என்பது மெய்யான முரண்பாடன்று. கருவி எவர் கையில், எந்த நோக்கத்துடன் இருக்கின்றது என்பதே வினா.

இவ்வினாவுக்கான விடையை அமெரிக்க அனுபவமே தருகின்றது. அந்நாட்டின் படைவீரர் நலத் திணைக்களம் 2016 முதல், மருத்துவ வசதியை எளிதில் அடைய முடியாத முன்னாள் படைவீரருக்குக் காணொளி வசதியுள்ள கைக்கணினிகளை இரவலாக வழங்கியது. அவர்களுக்குச் சிகிச்சை உரிமையாக இருந்தமையால் அதற்கான கருவியும் தேடி வந்தது. வாழ்நாளெல்லாம் வயலிலும் ஆலையிலும் உழைத்து ஓய்ந்த ஏனைய ஏழைகளின் கதி வேறு. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டொலர் வரை உதவிய அரச திட்டமொன்றில் 2 கோடி 30 இலட்சம் குடும்பங்கள் சேர்ந்திருந்தன. புதிய நிதி ஒதுக்கப்படாமையால் 2024 யூன் மாதத் தொடக்கத்தில் அத்திட்டம் முடிவுற்றது. கட்டணம் செலுத்த இயலாத வீட்டில் இணையம் அறுந்தால் வகுப்பும் அறுந்துபோகும். போர்க்களத்தில் நின்ற காலுக்கு உள்ள மதிப்பு, வயலில் நின்ற காலுக்கு இல்லை என்று கூற எந்த அறநூல் இடந்தரும்?

இதனிலும் நுட்பமான அபாயம் ஒன்றுண்டு. "வகுப்பு இணையத்தில் உள்ளது, சேராதது உன் குற்றம்" என்று கூறும் காலம் வரலாம். வழுக்கும் குளியலறையும், விளக்கில்லாத பாதையும், மயக்கம் தரும் மருந்துகளும், கண்ணாடி வாங்கப் பணமின்மையும் அப்படியே இருக்க, பயிற்சியை மட்டும் தனிமனிதக் கடமையாக்கினால், "கவனமாக நடந்திருக்கலாமே" என்ற பழைய பழியே விஞ்ஞான ஆடை உடுத்தி மீண்டும் வரும். முதியவர் பயில மறுக்கவும் உரிமையுடையவர். ஆனால் மறுக்கும் உரிமை, வாய்ப்புப் பெற்றவருக்கே பொருளுடையது.

ஏழையின் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1945ல் இலவசக் கல்வியால் விடையிறுத்த நாட்டினர் நாம். பள்ளிக்கூட வாசலைத் திறந்து வைத்தல் மாத்திரம் போதாது, பிள்ளை அவ்வாசலை வந்தடைய வழியும் வேண்டும் என்பதை நமது ஆசிரியர்கள் நன்கறிவர். முதியவரின் காலுக்கும் அதே நியாயம் பொருந்தும். ஒருவர் விழுவது அவருடைய வீட்டுக்குள் நிகழ்வதாயினும், தடுக்கும் வழியை அறிந்திருந்தும் அதனை அவரிடம் சேர்ப்பிக்காத குற்றம் சமுதாயத்தினுடையது.