அரிசியில் ஊரும் ஆருயிர்



சென்ற மழைக்காலத்தில் அறவுரை முடிந்து எழுந்தபோது, இல்லத்தரசி ஒருவர் அருகில் வந்து, "ஐயா, அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. வெயிலில் கொட்டினால் துடித்து மடிகிறது, விட்டுவைத்தால் பெருகுகிறது. நான் என்ன செய்வது?" என்று வினவினார். கேட்ட குரலில் கலக்கம் இருந்தது. சமையலறையில் எழுந்த இவ்வினா, கொல்லாமை அறத்தின் உயிர்நிலையைத் தொடுவதாகும். விடை காணுமுன், அவ்வண்டு யார் என்பதை அறிவோம்.

நாற்புலன் உயிர்களுக்கு எடுத்துக்காட்டாக வண்டையே தத்துவார்த்த சூத்திரம் காட்டுகிறது. உயிர்கள் பிறக்கும் 84 இலட்சம் யோனிகளுள் நாற்புலன் உயிர்களுக்கு உரியவை 2 இலட்சம் என்பது ஆகம வழக்கு. இக்கால உயிரியலார் பெயரிட்டு வகுத்துள்ள வண்டினங்களோ சுமார் 4 இலட்சம். அறியப்பட்ட விலங்கு வகைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று வண்டேயாம்! முன்னிறகு இரண்டும் இறுகிக் கேடயமாகி, மெல்லிய பின்னிறகுகளைக் காப்பது இக்குலத்தின் பொது இயல்பு. இரவில் ஒளிரும் மின்மினியும், பயிரில் அசுவினியை உண்ணும் பொறிவண்டும் இக்குலத்தவையே.

ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் மழை மிக அரிது. அங்கு வாழும் ஒருவகை வண்டு, மூடுபனி வரும் வேளையில் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறித் தலை தாழ்த்தி நிற்கும். முதுகில் படிந்த நீர்த்துளி வழிந்து வாயைச் சேரும். தென்னாப்பிரிக்கச் சாண வண்டு ஒன்று, நிலவில்லாத இரவில் பால்வீதியின் ஒளிப்பட்டையை நோக்கித் தன் உருண்டையை நேர்வழியே உருட்டிச் செல்வதை 2013-ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். பகைவர் தீண்டினால், கொதிநீர் ஒத்த வெப்பத்துடன் எரிநீரைப் பீச்சித் தன்னைக் காக்கும் வண்டும் உண்டு.

இத்துணை வடிவ வேறுபாடு எதனால்? நாமவினையை ஓவியனுக்கு ஒப்பிடுவர் நம் ஆசிரியர். ஓவியன் பல வண்ணத்தால் பல உருவம் தீட்டுவதுபோல, நாமவினை உயிருக்குப் பற்பல உடல்களைத் தீட்டுகிறது. உடல் வேறு, உள்ளுறையும் உயிரோ உணர்வே இயல்பாக உடையது. பிறவிச் சுழலில் நாமும் எத்தனை முறை அவ்வுடல் தாங்கினோமோ!

இனி அரிசிக் கூன்வண்டுக்கு வருவோம். பெண்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே உண்டு வளர்ந்து, வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகி வெளிவரும். எனவே, நம் கண்ணுக்கு வண்டு தென்படும்போதே, காணாத உயிர்கள் பல மணிகளுக்குள் இருக்கின்றன. புலன்களை மூன்றென வகுப்பினும் நான்கென வகுப்பினும் அது இயங்கும் உயிர். இல்லறத்தார் அறிந்தே கொல்லலாகாத உயிர்.

ஆகவே அவ்வம்மையாருக்கு நான் கூறியது இதுதான்: "கொலை, வெயிலில் கொட்டும் நாளில் தொடங்கவில்லை, தாயே, ஈரம் உலராத தானியத்தை மிகுதியாகச் சேர்த்து மறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது." ஹிம்சையின் இலக்கணத்தில் பிரமாதம் எனும் கவனமின்மை முதற்கண் வைக்கப்பட்டதன் பொருள் இதுவே. உயிர் தோன்றுமுன்னரே தானியத்தை நன்கு உலர்த்துக. ஈரம் புகாத கலத்தில் இடுக. தேவைக்கு அளவாக வாங்குக. இது பரிக்கிரகத்தைக் குறைக்கும் நோன்புமாகும். வண்டு தோன்றிவிட்டதேல், நிழலில் பரப்பி, முறத்தில் மெல்லப் புடைத்து, ஊர்ந்து வெளிவருவனவற்றை ஒரு பிடி நொய்யுடன் ஒதுக்கிடத்தில் விடுக. எஞ்சிய பிழைக்கு வருந்தி, அடுத்த முறை விழிப்பாயிருக்க உறுதி கொள்க.

முற்றும் கொலையின்றி இல்லறம் நடப்பது அரிது. ஆயினும் அசட்டையால் விளையும் கொலையைத் தவிர்த்தல் நம் கைக்கு எட்டியதே. வண்டைக் கண்டு கால் தூக்கும் குழந்தையைத் தடுத்து, "அதுவும் உன்னைப்போல் வாழ விரும்புகிறது" என்று சொல்லுங்கள். நற்காட்சியின் வித்து அங்கே ஊன்றப்படும்.

கொல்லாமை ஓங்குக! அறம் வளர்க!