கைமாறும் நெருப்பு: இலையும் மூச்சும் முருகன் அருளும்

ஓம் சரவணபவ! 

ஒவ்வொரு கந்த சஷ்டி முடிஞ்சதும் நம்ம குரூப்ல ஒரு கேள்வி தவறாம வரும். "விரதம் இருந்தேன், கவசம் சொன்னேன், மலை ஏறினேன். ஏன் இன்னும் ஒண்ணும் மாறல? கேட்கிற சக்தியை முருகன் ஒரே தடவையில கொடுத்துட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். கேட்கிறவங்க பக்தி குறைஞ்சு கேட்கல, தாங்க முடியாம கேட்கிறாங்க. இதுக்கு நான் பதில் தேடினது ரெண்டு இடத்துல. ஒண்ணு, நமக்கெல்லாம் தெரிஞ்ச கந்தபுராணம். இன்னொண்ணு, பன்னிரண்டாம் வகுப்போட நாம மறந்துட்ட உயிரியல்.

முதல்ல புராணம். சூரபத்மன் கொடுமை தாங்காம தேவர்கள் சிவபெருமான்கிட்ட முறையிட்டாங்க. ஆறு திருமுகங்களின் நெற்றிக்கண்களிலிருந்து ஆறு பொறிகள் கிளம்பின. யாரைக் காப்பாத்த அந்தப் பொறி வந்ததோ, அந்தத் தேவர்களே வெப்பம் தாங்காம ஓடினாங்க. கவனிங்க, அது அருள்தான். ஆனா நேரா வந்தா தாங்க முடியல.

அப்புறம் என்ன நடந்தது? வாயுவும் அக்னியும் சுமந்தாங்க. அவங்களாலயும் ரொம்ப நேரம் முடியல, கங்கைகிட்ட கொடுத்தாங்க. கங்கை சரவணப் பொய்கையில் சேர்த்தாள். அங்கே நாணல் காட்டுக்கு நடுவுல, தாமரை மேல, நெருப்பு ஆறு குழந்தைகளாச்சு. கார்த்திகைப் பெண்கள் வளர்த்தாங்க. கடைசியில அம்பாள் வாரி அணைச்சு ஒரே கந்தனாக்கினாள்.

ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு. யாரும் பொறியை "எனக்கு" என்று வச்சுக்கல. கொஞ்ச நேரம் சுமந்தாங்க, அடுத்தவங்ககிட்ட கொடுத்தாங்க. சுடுகிற நெருப்பு, கொஞ்சுகிற குழந்தையானது இந்தக் கைமாற்றத்துலதான்.

இப்போ பழனிக்கு வாங்க. கையில ஒரு ஸ்பூன் பஞ்சாமிர்தம். வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, கற்கண்டு, பேரீச்சை, தேன், நெய். இந்த இனிப்பு எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்துன்னுதான் உலகம் ரொம்ப காலம் நினைச்சது. பெல்ஜியத்துப் பக்கம் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு மண்ணை எடை போட்டு, அதில் 5 பவுண்டு வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊத்தினார். மரம் சுமார் 169 பவுண்டு ஆச்சு. மண்ணில் குறைஞ்சது வெறும் 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சாச்சு. மரமெல்லாம் தண்ணீரிலிருந்து வந்ததுன்னு அவர் முடிவு பண்ணார். பாதி சரி.

மீதிப் பாதி காற்றில் இருந்தது. 1771-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிஞ்சு கெட்டுப்போன காற்றுள்ள ஜாடிக்குள்ள ஒரு புதினாக் கொத்தை வச்சார். சில நாள் கழிச்சு அதே காற்றுல மறுபடி மெழுகுவர்த்தி எரிஞ்சது. 1779-ல் யான் இங்கென்ஹவுஸ் இன்னொரு படி போனார். செடியோட பச்சைப் பகுதிதான் இதைச் செய்யுது, அதுவும் வெளிச்சம் இருந்தால்தான் செய்யுதுன்னு காட்டினார்.

அதுதான் ஒளிச்சேர்க்கை. சூரியனிலிருந்து கிளம்பி, சுமார் 8 நிமிஷம் பயணம் பண்ணி வந்த வெளிச்சத்தை இலையில் உள்ள பச்சையம் பிடிக்குது. அந்த பலத்தில் தண்ணீர் உடையுது. ஆக்சிஜன் வெளியே போகுது. தண்ணீரிலிருந்து வந்த எலக்ட்ரான்களின் உதவியால், காற்றிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகுது. ஆக, பஞ்சாமிர்தத்தின் இனிப்பு என்பது பிடிச்சு வச்ச வெயில். வாழை இலை பிடிச்ச வெயில், கரும்பு பிடிச்ச வெயில், பூ பிடிச்சு தேனீ சுமந்த வெயில். நெய் கூட மாடு மேய்ஞ்ச புல் பிடிச்ச வெயில்தான்.

கணக்கு இப்படி வரும்: ஆறு கார்பன் டை ஆக்சைடும் ஆறு தண்ணீரும் சேர்ந்து, ஆறு கார்பன் உள்ள ஒரு குளுக்கோஸும் ஆறு ஆக்சிஜனும். ஆறு, ஆறு, ஆறு, ஆறு! படிக்கும்போது எனக்கும் சிலிர்த்தது. ஆனா ஒரு வேண்டுகோள். இதை வச்சு "சரவணபவ ஆறெழுத்தில் ஒளிச்சேர்க்கை ஃபார்முலா" என்று ஃபார்வர்ட் கிளப்பிடாதீங்க. ரசிப்போம், கைகூப்புவோம். ஆனா நிரூபணம் ஆக்க வேண்டாம். முருகனுக்கு நம்ம சர்டிபிகேட் தேவையில்லை.

எனக்கு முக்கியமாப் பட்டது வேற விஷயம். வெளிச்சத்தை வாங்கிய பச்சையம் அதை எவ்வளவு நேரம் வச்சிருக்க முடியும் தெரியுமா? ஒரு நொடியை நூறு கோடி பங்காக்கினா, அதில் சில பங்கு நேரம்தான். அதுக்குள்ள பக்கத்தில் இருக்கிற மூலக்கூறுக்குக் கொடுத்தாகணும். கொடுக்க வழியில்லாம வெயில் மேல வெயிலா விழுந்தா, அந்தச் சக்தியே ஆக்சிஜனை விஷமாக்கி இலையைக் கருக்கிடும். அதனால பச்சையத்துக்குப் பக்கத்துலயே மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் காவலுக்கு நிக்குது. தாங்க முடியாத மிச்சத்தை அதுங்க வாங்கி, வெறும் சூடாக்கி வெளியே விட்டுடும். தேவர்கள் ஓடின கதை மாதிரியே இருக்குல்ல?

சரி, சர்க்கரை நம்ம வயித்துக்குள்ள வந்தாச்சு. பிடிச்சு வச்ச வெயிலை இப்போ திரும்ப எடுக்கணும். 180 கிராம் குளுக்கோஸை அடுப்பில் போட்டு எரிச்சா சுமார் 686 கிலோகலோரி ஒரே மூச்சில் வெளிவரும். அது நெருப்பு. உடம்புக்குள்ள அப்படி விட்டா செல் பொசுங்கிடும்.

செல் அப்படிப் பண்றதில்லை. சுவாமிமலைக்குப் போயிருக்கீங்களா? தமிழ் வருஷங்கள் அறுபதையும் குறிச்சு 60 படிகள். மேலேயிருந்து ஒரேயடியா குதிச்சா எலும்பு முறியும். அதே உயரத்தை படி படியா இறங்கினா, இடுப்புல குழந்தையை வச்சுக்கிட்டே இறங்கிடலாம். உயரம் ஒண்ணுதான், இறங்குற விதம்தான் வேற. நம்ம செல்லும் குளுக்கோஸோட சக்தியை படி படியாத்தான் இறக்குது.

இதுல பெரிய பங்கு மைட்டோகாண்ட்ரியாவுக்கு. அதன் உள்சவ்வில் புரதங்கள் வரிசையா நிக்குது. சர்க்கரையிலிருந்து வந்த எலக்ட்ரானை ஒண்ணு வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சக்தி வெளிவரும். அந்தச் சக்தியால ஹைட்ரஜன் அயனிகள் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டுத் தேங்கும், மேட்டூர் அணையில தண்ணீர் தேங்குற மாதிரி. தேங்கினது திரும்பிப் பாயும்போது ஒரு குட்டி டர்பைன் சுத்தி ஏடிபி தயாராகும். பீட்டர் மிட்செல் 1961-ல் இதைச் சொன்னப்போ பலர் ஏத்துக்கல. 1978-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

ஏடிபி என்பது சில்லறைக் காசு மாதிரி. ஒரு குளுக்கோஸ் நோட்டை மாத்தினா சுமார் 30 ஏடிபி சில்லறை. கண் சிமிட்ட, இதயம் துடிக்க, வாய் "முருகா"ன்னு சொல்ல, எல்லாத்துக்கும் இந்தச் சில்லறைதான். ஆச்சரியம் என்னன்னா, நம்ம உடம்புல எந்த நேரத்திலும் இருக்கிற ஏடிபி சுமார் கால் கிலோவுக்குள்ளதான். ஆனா ஒரு நாள்ல செலவாகி, மறுபடி உருவாகி, மறுபடி செலவாகிறதைக் கூட்டினா ஏறத்தாழ நம்ம உடல் எடை அளவுக்கு வந்துடும். சேத்து வச்சு வாழல, புழங்கவிட்டு வாழறோம்.

இதுல கடைசிக் கட்டம்தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. நாம எதுக்கு மூச்சு விடறோம்? வரிசையின் கடைசியில எலக்ட்ரானை வாங்கிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் ஆக்சிஜன். வாங்கிக்கிட்டு, ஹைட்ரஜனோட சேர்ந்து தண்ணீராகுது. இலையில உடைஞ்ச தண்ணீர் இங்கே மறுபடி தண்ணீராகுது. அந்தக் கடைசி ஆள் வரலைன்னா? என்னை மாதிரி ஐடி ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். கியூவோட கடைசியில மெசேஜை வாங்க வேண்டிய சர்வீஸ் படுத்துட்டா, பின்னாடி இருக்கிற எல்லாம் நிரம்பி வழிஞ்சு, நல்லா ஓடிக்கிட்டிருந்ததும் ஹேங் ஆகிடும். உடம்புலயும் அதேதான். வயிறு நிறைய பஞ்சாமிர்தம் இருக்கலாம். மூச்சு நின்னா சில நிமிஷத்துல மூளை செல்கள் சேதமாக ஆரம்பிச்சிடும். சக்தி இல்லாததால இல்லை, வாங்கிக்க ஆள் இல்லாததால. ஆக்சிஜன் இல்லாம செல் கொஞ்ச நேரம் சமாளிக்கும், ஆனா ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் தேறும். 30 எங்கே, 2 எங்கே!

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். போன சஷ்டிக்குப் பிறகு ஒரு தம்பி எனக்குத் தனியா மெசேஜ் போட்டிருந்தான். வேலை போய் ஏழு மாசம். வீட்டுக்குச் சொல்லல. தினமும் ஆபீஸ் கிளம்புற மாதிரி கிளம்பி லைப்ரரியில உக்காந்திருந்தான். ஆறு நாளும் தண்ணி மட்டும் குடிச்சு விரதம். "அண்ணா, யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு நானே தாங்கிக்கிட்டேன். முருகன் ஒருத்தனை மட்டும்தான் நம்பினேன். அவனும் பேசல" என்று எழுதியிருந்தான்.

நான் அவன்கிட்ட சொன்னது ஒண்ணுதான். "தம்பி, அந்தப் பொறியை வாயுவாலயே தனியா சுமக்க முடியல. நீ மட்டும் எதுக்குடா தனியா சுமக்கிற? அம்மாவுக்குப் போன் போடு." அன்னைக்கு ராத்திரியே போட்டான். அம்மா அழுதாங்களாம், அப்புறம் "சாப்பிட்டியா"ன்னு கேட்டாங்களாம். வேலை கிடைச்சதான்னு கேட்டா, இதை எழுதற வரைக்கும் இல்லை. ஆனா இப்போ அவன் வீட்டில் இருக்கான், தூங்குறான், இன்டர்வியூவுக்கு அப்பா பைக்ல கொண்டு விடுறார். முருகன் பேசலன்னு அவன் சொன்னான். அம்மா வாயால பேசினான்னு நான் நினைக்கிறேன்.

அருள் ஒரே வெடிப்பா வராததுக்கு நான் புரிஞ்சுக்கிட்ட காரணம் இதுதான். அவன் கஞ்சன் இல்லை, நம்மைப் பொசுக்க விரும்பாதவன். படி படியா, கை கையா அனுப்புறான். இடையில நிக்கிற கைகளை நாம அடையாளம் கண்டுக்கல, அவ்வளவுதான். நாமளும் ஒரு கைதான் என்பதையும் மறந்துடறோம்.

சூரபத்மனைப் பாருங்க. அவனும் தவம் பண்ணான், அவனுக்கும் சிவன் கொடுத்தார். 1008 அண்டம், 108 யுகம். வாங்கினான், யாருக்கும் கொடுக்கல. தேவர்களைச் சிறையில அடைச்சான். எல்லாம் அவன்கிட்ட வந்து தேங்கி நின்னது. கடைசியில கடல் நடுவுல மாமரமா நின்னப்போ வேல் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். முருகன் அவனை அழிச்சுப் போடல. ஒரு பாதியை வாகனமாக்கினான், ஒரு பாதியைக் கொடியாக்கினான். வச்சுக்கிட்டவனை சுமக்கிறவனா மாத்தினான். சூரசம்ஹாரத்தோட கருணை அதுதான்.

வர்ற சஷ்டிக்கு மூணு காரியம் செய்வோம்.

ஒண்ணு, விரதத்தை உடம்பு தாங்குற அளவுக்கு இருங்க. சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க, கர்ப்பிணிகள், உடம்பு முடியாதவங்க டாக்டரைக் கேக்காம பட்டினி கிடக்காதீங்க. பாலும் பழமும் எடுத்தாலும் அது விரதம்தான்.

ரெண்டு, தினமும் ஒருத்தருக்கு ஏதாவது கைமாத்துங்க. ஒரு வேளை சாப்பாடு, ஒரு ஜாப் ரெஃபரல், ஒரு போன் கால். நமக்கு வந்தது நம்மோட நின்னுடக் கூடாது.

மூணு, பாரத்தையும் கைமாத்துங்க. மனசுக்குள்ள தாங்க முடியாதது இருந்தா வீட்டிலயோ, நண்பர்கிட்டயோ, டாக்டர்கிட்டயோ சொல்லுங்க. இலைக்கே பக்கத்துல ஒரு துணை தேவைப்படுது. நமக்குத் தேவைப்படுறதுல வெட்கம் என்ன?

கவசம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சை நிதானமா உள்ளே இழுங்க. எங்கேயோ ஒரு இலை, வெயிலை வாங்கிக்கிட்டு வெளியே விட்ட காற்று அது. அதை வெளியே விடுங்க. இன்னொரு இலை அதை வாங்கிக்கக் காத்திருக்கு. அந்த நடுவுல ஒரு தடவை "முருகா" சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வேலும் மயிலும் சேவலும் துணை.