வினை என்று யாருக்குச் சொல்வது?

புற்றுநோய் வந்தவர்களில் பலர் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி, “நான் என்ன பாவம் செஞ்சேன்?” டொக்டரிடம் இதைக் கேட்க முடியாது. கிளினிக்கில் வரிசை நீளம், பாஷையும் பாதி இடிக்கும். ஆகவே மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கேள்வி கோயிலில் பாடுகிறவனைத் தேடி வருகிறது. நான் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் படிக்கிறவன். என்னிடமும் வந்திருக்கிறது.

கடைசியாகக் கேட்டவள் என்னிடம் படித்த பிள்ளை. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண் என்று போனவளுக்குக் கண்டியில் பரிசோதித்துப் புற்று என்றார்கள். செய்தி லயத்துக்கு வந்து சேருமுன்பே விளக்கங்கள் வந்துவிட்டன. நாத்தனார், “போன ஜென்மத்துக் கணக்கு, கழிச்சுத்தான் ஆகணும்” என்றார். ஜெபக்கூட்டத்திலிருந்து வந்த ஒருவர் விசுவாசக் குறைவு என்றார். படித்த இளைஞன் ஒருவன், “வெத்தலையும் பொயிலையும் போட்டா வரும்னு தெரியாதா அக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனான். மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மூன்று பேரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்: நோயை அவள் கணக்கில் எழுதினார்கள்.

அந்த இளைஞன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குகூடப் புற்றுநோய் தரும் என்று திட்டமாகச் சொல்லியிருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் சொல்ல வேண்டும், வாய்க்குள் வெள்ளையாகப் படை தெரிந்தவுடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். கீமோ ஏற்றிவிட்டுப் படுத்திருப்பவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பசியை அடக்கவும் மலைக் குளிரைத் தாங்கவும் அம்மாவிடமிருந்தும் அப்பாயியிடமிருந்தும் வந்த பழக்கம் அது. போன ஜென்மக் கணக்கின் புதுப் பதிப்புத்தான் அந்த இளைஞனின் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

வினைக் கொள்கையை நான் தள்ளவில்லை. சைவ சித்தாந்தத்தில் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் மூன்றையும் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். என் சந்தேகம் வேறு. அந்தக் கொள்கை யார் வாயில் இருக்க வேண்டியது? தேவாரம் பாடிய அப்பருக்குச் சூலை நோய் வந்தபோது, தான் செய்த கொடுமைகளைப் பற்றித் தானே இறைவனிடம் பேசி அழுதார். அது அவருக்கும் அவருடைய கடவுளுக்கும் இடையில் நடந்த பேச்சு. நமக்கு அதில் இடமில்லை. இன்னொருவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அதே பேச்சை அவர் மீது திருப்பினால் அது பக்தி ஆகாது, வழக்கு விசாரணை ஆகும்.

சம்பந்தர் இன்னும் தெளிவு. கொடிமாடச் செங்குன்றூரில், இப்போதைய திருச்செங்கோட்டில், கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். முன்செய்த வினைக்கு இந்த வினை என்று சொல்லித் திரிகிறவர்களைப் பார்த்து, தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்று முதல் பாட்டிலேயே கேட்கிறார். அடுத்தபடி கையால் செய்யும் தொண்டைச் சொல்கிறார். நோய் வந்த வீடுகளில் இந்தப் பதிகத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள், நானும் படிப்பேன். அது கண்டிக்கிற பேச்சையே பதிகம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பேசத் தொடங்கிவிடுகிறோம்!

இதைச் சொல்வது சைவம் மட்டும் அல்ல. மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் சில கிலோமீட்டர் போனால் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதிவந்த பாளித் திரிபிடகத்தைப் பிக்குகள் ஓலையில் எழுதியது அங்கே என்பது மரபு. அந்தத் திரிபிடகத்தில் சீவகன் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் ஒரு கேள்வி கேட்கிறான். மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா? புத்தர் எட்டுக் காரணம் அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, அடிதடி, கடைசியாகத்தான் வினை. எல்லாவற்றையும் வினையில் போடுகிறவர்கள், தாங்களே அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஒத்துக்கொண்டதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்கிறார். பெளத்தமும் வினையை நம்புகிற சமயம்தான். அங்கேயே இந்தக் கடிவாளம் இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தில் பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்க, இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. ஆக, எந்தப் படுக்கைக்குப் பக்கத்திலும் இந்தத் தீர்ப்பை வாசிக்க எவருக்கும் அனுமதி இல்லை.

எங்கள் ஊரின் கதையும் அதையே சொல்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் முன்னோரில் எத்தனையோ பேர் வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே செத்தார்கள். 2023இல் அவர்களை நினைத்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த வழிதான். அத்தனை பேரும் ஒரே ஜென்மத்தில் ஒரே பாவம் செய்தவர்களா? நல்ல தண்ணீர் இல்லை, சோறு இல்லை, மழை, மருந்து இல்லை; கூட்டி வந்தவனுக்கு ஆள் கணக்கு மட்டும் போதும். இன்னொன்றும் பாருங்கள். அம்மை போட்டவரை நம் ஆட்கள் பாவி என்று சொன்னதில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, குரலைத் தாழ்த்தி, குளிர்ச்சியாக வைத்துப் பார்த்தார்கள். முத்துமாரியம்மனைக் கும்பிடுகிற ஊரில் புற்றுநோய்க்காரருக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லாமல் போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, அவளுக்கு என்ன பதில் சொன்னேன்? பதிலே சொல்லவில்லை. “இப்ப உனக்கு ரொம்பப் பயமா இருக்கிறது எதும்மா?” என்று கேட்டேன். வாய் திறக்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மகள் இந்த வருஷம் சாதாரண தரம் எழுதுகிறாள். புருஷன் கொழும்பில் கடையில். “தோட்டத்துல பேர் பதிஞ்சது நான்தான் சேர். நான் போயிட்டா காம்பராவ விட்டு எழும்பச் சொல்லுவாங்களா? ஈ.பி.எப். காச யார் எடுக்கிறது?” பாவத்தைப் பற்றிய கேள்விக்குள் இவ்வளவும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இப்படி மடித்து வைத்த கவலைக்கு எப்படிப் பதில் சொல்வது? அதே திரிபிடகத்தில் நகுலனின் தாய் என்று ஒரு குடும்பப் பெண் வருகிறாள். புருஷன் சாகக் கிடக்கிறான். கவலையோடு சாகாதீர்கள் என்று தொடங்குகிறாள். எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், பிள்ளைகளை வளர்ப்பேன், வீட்டை நடத்துவேன். வேறு வீட்டுக்குப் போகமாட்டேன். தர்மத்தை விடமாட்டேன். அவன் மனதில் என்னென்ன ஓடுமோ ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறாள். அவன் பிழைத்துக் கோலூன்றி நடந்தான் என்று கதை முடிகிறது. பிழைத்ததை விட்டுவிடுங்கள், எல்லோரும் பிழைப்பதில்லை. அந்தப் பேச்சைப் பாருங்கள். லண்டனில் 1967இல் சென் கிறிஸ்தோபர் நோய்த்தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா நான்கும் சேர்ந்தே வலிக்கிறது, நான்குக்கும் சேர்த்தே மருந்து வேண்டும் என்றார். பஞ்சு நூற்கத் தெரியும் என்று சொன்னவளுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

அன்று என் மாணவியின் மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கிழவி சுற்றி வளைக்கவில்லை. “ஏ புள்ள, பொம்பளப் புள்ளைய நான் படிக்க வைக்கிறேன். காம்பராவ விட்டு எவன் எழுப்புறான்னு பாக்கிறேன்” என்றார். ஈ.பி.எப். பத்திரத்தை நான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு பாவக் கேள்வி நின்றுவிட்டதா? இல்லை, பிறகும் கேட்டாள். ஆனால் அன்று ராத்திரி தூங்கினாள் என்று மாமியார் சொன்னார்.

இதற்கெல்லாம் படித்த ஆலோசகர்கள் வேண்டும், தமிழில் பேசுகிறவர்களாக வேண்டும். கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள், மனம் மிகவும் உடைந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். கோயில் சபைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திருவிழாவுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு உபயம் எழுதுகிறோம். அதில் ஒரு நாள் உபயத்தை எடுத்து, தோட்டத்திலிருந்து கண்டிக்கோ மகரகமைக்கோ போகிற நோயாளியின் வேன் கூலிக்கும், கூடப் போகிறவரின் அன்றைய நாட்சம்பளத்துக்கும் கொடுங்கள். கூடப் போகிறவர் வினையைப் பற்றி வாய் திறக்காதவராக இருக்கட்டும்.