கட்டைவிரலின் கடன்

ஆம்பூரை அடுத்த ஓர் ஊரில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் சிறிய தோல் ஷாப்பு நடத்திவந்தார். ஏழெட்டுப் பேர் வேலை செய்த இடம். பெரியவர் ஐவேளைத் தொழுகையாளி. காசு பிசகாமல் கணக்கிட்டு ஜக்காத் கொடுப்பவர். 2012ஆம் ஆண்டு அங்கே தோலின் சதை நீக்கும் இயந்திரத்தில் முப்பது வயது இளைஞர் ஒருவரின் வலக்கைக் கட்டைவிரல் அடியோடு போயிற்று. மருத்துவச் செலவைப் பெரியவரே ஏற்றார். அதன்பின் ரமலான்தோறும் தம் ஜக்காத்திலிருந்து ஐயாயிரம் ரூபாயை அவ்வீட்டுக்கு அனுப்பிவந்தார். ஊரார் புகழ்ந்தனர், நானும் புகழ்ந்தேன்.

மத்ரஸாவின் ஹஸ்ரத் அவர்களிடம் ஒருநாள் இதனை மெச்சிப் பேசினேன். "அந்தப் பிள்ளைக்கு அவர் கொடுக்கவேண்டிய பாக்கி ஏதும் உண்டா?" என்று மட்டும் கேட்டார்கள். "இருந்தால் அதை ஜக்காத்தில் கழிக்க முடியாதே!"

அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டு முதற்கொண்டு இந்நாட்டில் இருந்துவந்தது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு பின்னர் அதனைத் தன்னுள் ஏற்றது. அவ்விளைஞரின் மாத ஊதியம் எட்டாயிரம். அதில் அறுபது விழுக்காட்டை முப்பது வயதுக்குரிய 207.98 என்னும் காரணியால் பெருக்கி, கட்டைவிரலுக்கு அட்டவணை குறித்த முப்பது விழுக்காட்டை எடுத்தால் ரூ. 2,99,491 வருகிறது. இது ஒரு மாதத்திற்குள் செலுத்தப்படவேண்டிய தொகை. தவறினால் வட்டியும் உண்டு. 'எனக்கு வேண்டாம்' என்று அவரே எழுதிக்கொடுத்திருந்தாலும் அவ்வெழுத்து செல்லாது என்றது அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு.

இதனைப் பெரியவரிடமே சொன்னேன். "கவனமின்றிக் கை வைத்தவன் அவன். என்மீது என்ன குற்றம்? அவனுடைய நஸீபு அது" என்றார். குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறுதல், காப்புச் சாதனத்தைக் கழற்றுதல் போன்றவற்றை விலக்காகச் சொன்ன சட்டம், வெறும் கவனக்குறைவை விலக்காக்கவில்லை. ஆயினும் பெரியவரின் கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. ஷரீஅத்தில் ஈடு என்பது ஊறு விளைத்தவன்மீது விழுவது. சுரங்கத்தில் கூலிக்கு இறங்கி மாண்டவனுக்காக உரிமையாளன்மீது ஈடு இல்லையென்றே முன்னோர் ஹதீஸை வைத்து விளக்கினர். இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது.

ஆனால் அதே ஃபிக்ஹு, ஒப்பந்தத்தின் நிபந்தனையை நிறைவேற்றுவது கடமை என்கிறது. ஆதாயம் எவருக்கோ பொறுப்பும் அவருக்கே என்னும் விதியையும் வைத்திருக்கிறது. இச்சட்டம் நிலவும் நாட்டில் ஒருவரைக் கூலிக்கு அமர்த்துகிறவர் இந்நிபந்தனையோடுதான் அமர்த்துகிறார். அந்த இயந்திரத்தின் ஆதாயத்தை இருபது ஆண்டுகளாக எடுத்தவர், அதன் கேட்டை மட்டும் இறைவனின் விதிமேல் ஏற்றிவிட்டு எழுந்து போகலாமா? விதியை நம்புவது இழந்தவனுக்கு ஆறுதல். கொடுக்கவேண்டியவனுக்கு அது ரசீது ஆகாது.

விரல்களைப் பற்றி இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் 'ரிஸாலா'வில் ஒரு செய்தி சொல்கிறார்கள். கட்டைவிரலுக்குப் பதினைந்து ஒட்டகங்கள், சுண்டுவிரலுக்கு ஆறு என்று கலீஃபா உமர் (ரலி) தீர்ப்பளித்திருந்தார்கள். பின்னர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்ரிப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களுக்கு அளித்த மடலில் ஒவ்வொரு விரலுக்கும் பத்து என்றிருக்கக் கண்டு, மக்கள் அதனையே ஏற்றனர். கலீஃபாவின் முதல் தீர்ப்பும் நம் சட்டத்தின் அட்டவணையும் ஒரே நோக்குடையவை. அட்டவணையில் கட்டைவிரலுக்கு முப்பது, ஆள்காட்டி விரலுக்குப் பதினான்கு, சுண்டுவிரலுக்கு ஏழு. பிடிக்கும் வலிமைக்கு ஏற்ற விலை! உழைத்துப் பிழைப்பவனுக்கு அக்கணக்குத் தேவைதான். வயிறு வலிமையால்தான் நிரம்புகிறது. எனினும் அந்த மடலின் கணக்கே என் மனத்தில் நிற்கிறது. அது விரலின் உழைப்பை எடைபோடவில்லை. அது ஒரு மனிதனின் விரல் என்பதே அதற்குப் போதுமாயிருந்தது.

பெரியவர் 2019இல் மறைந்தார். சட்டப்படி இரண்டாண்டுக்குள் கோரியிருக்கவேண்டும், இளைஞர் கோரவேயில்லை. ஆயின் காலம் கடந்ததனால் ஒருவரின் ஹக்கு அல்லாஹ்விடம் அழிந்துபோவதில்லை என்பதே மார்க்க அறிஞர் கூற்று. சொத்தைப் பங்கிடுமுன் ஹஸ்ரத் அவர்கள் கடன் விவரம் கேட்டார்கள். வங்கிக் கடன், மண்டிக்காரரின் பாக்கி, மனைவியாரின் மஹர் எல்லாம் எழுதப்பட்டன. மூத்த மகனைத் தனியே அழைத்து, அந்தத் தொகையை எழுதிய தாளை நீட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"இதற்குத்தானே அத்தா ரமலான்தோறும் கொடுத்துவந்தார்கள்?"