வட்டிக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்

2019 டிசம்பர் கடைசியில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரை ஒட்டிய சாலையில் எடுத்த ஒரு காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. வெயிலில் தவித்த கோவாலா ஒன்று சைக்கிளில் வந்தவர்களை மறித்து, சைக்கிள் மேலேயே தொற்றி ஏறி, அவர்கள் நீட்டிய பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தது. பார்த்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அதே கோடையில் கால்நடை மருத்துவர்களும் வனவிலங்கு மீட்பாளர்களும் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு: கோவாலாவுக்குப் பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் புகட்டாதீர்கள். அண்ணாந்து குடிப்பது அதற்குப் பழக்கமில்லை. தலையைத் தாழ்த்தி, நாக்கால் நக்கித்தான் குடிக்கும். அண்ணாந்த வாயில் ஊற்றினால் நீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா கண்டு அது செத்தும் போகலாம். அகலமான கிண்ணத்தில் நீர் ஊற்றி மரத்தடியில் வையுங்கள், நாயைக் கட்டிப்போடுங்கள், விலகிப் போங்கள் என்றார்கள். கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் வாய் கீழே என்று நமக்குப் பழகிய தானக் காட்சி இங்கே உயிரையே எடுத்துவிடுகிறது. வெயில் தாளாமல் புறநகர் வீட்டு முற்றத்துக்கு இறங்கி வரும் காட்டு விலங்குக்கு நாம் வைக்கும் தண்ணீர் எந்தக் கணக்கில் சேரும், கருணைக் கணக்கிலா கடன் கணக்கிலா? கடன் கணக்கில் என்பதே என் வாதம். அதுவும் வட்டி மட்டும்தான். அசல் வேறிடத்தில் இருக்கிறது.

அசல் எதுவென்று தெரிய, அந்த உடம்பைக் கொஞ்சம் அறிந்தாக வேண்டும். கரடி என்று பெயரளவில் சொன்னாலும் கோவாலா கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கு. உணவு யூகலிப்டஸ் இலை, நம் பேச்சில் தைலமர இலை. நாரும் நச்சும் மிகுந்து சத்துக் குறைந்த அந்த இலையில் பிழைப்பதால், நாளில் இருபது மணி நேரம் வரை அசையாமல் கிடந்து உடம்பின் ஆற்றலைச் சிக்கனம் பண்ணும். தண்ணீரும் பெரும்பாலும் இலையிலிருந்தே. நம்மைப் போல வியர்த்துக் குளிர அதற்கு வழியில்லை. வளை தோண்டி ஒளியும் பிராணியும் அல்ல. காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் மூச்சிரைப்பதும், ரோமத்தை நக்கி ஈரமாக்கிக்கொள்வதும்தான் மிச்சம். இரண்டுக்கும் செலவாவது உடம்பில் உள்ள நீர். வறட்சியில் இலையும் சாரமற்றுப் போகும்போது செலவு உண்டு, வரவு இல்லை. கோவாலா தண்ணீரே குடிக்காது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மழை பெய்கையில் அடிமரத்தில் வழிந்தோடும் நீரை அது நின்று நிதானமாக நக்கிக் குடிப்பதை அண்மையில்தான் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். உணவுக்கு மரம், நீருக்கும் மரமே குழாய்.

குளிர்ச்சிக்கும் மரம்தான் என்பது 2014-இல் உறுதியானது. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விக்டோரியா மாநிலத்தின் ஃபிரெஞ்ச் தீவில் கோவாலாக்கள் உட்காரும் விதத்தைக் கவனித்தார்கள். இதமான நாளில் கிளைக் கவட்டில் பந்து மாதிரி சுருண்டிருக்கும் விலங்கு, கடும் வெயிலில் கீழே இறங்கி, தடித்த அடிமரத்தின்மீது நெஞ்சும் வயிறும் அழுந்தப் படிந்து, கைகால்களைத் தொங்கவிட்டுக் கிடந்தது. முதுகு ரோமம் அடர்த்தி, வயிற்று ரோமம் மெல்லிசு; அந்த மெல்லிய பக்கத்தைத்தான் மரத்தோடு ஒட்டவைக்கிறது. வெப்பத்தைக் காட்டும் கேமராவில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அடிமரம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருந்தது. அதிலும் வாட்டில் மரத்தில் வித்தியாசம் ஏறத்தாழ 5 டிகிரி. கொடைக்கானல், ஊட்டிக்காரர்களுக்கு இந்த மரம் தெரியும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டு, இன்று நம் மலைப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் அதே வாட்டில். கோவாலாவுக்கு அது இரை மரம் அல்ல. தின்ன ஒன்றுமில்லாத மரத்தைத் தேடிப் போய்க் கட்டிக்கொள்கிறது என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? இப்படி உடல் வெப்பத்தை மரத்துக்குக் கடத்துவதால், மூச்சிரைத்து இழக்க வேண்டிய நீர் வெகுவாக மிச்சமாகும் என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்கு மரம் பருத்திருக்க வேண்டும், அதாவது வயதாகியிருக்க வேண்டும். நேற்று நட்ட கன்றால் இந்த வேலை ஆகாது.

புறநகர் வளரும்போது முதலில் போவது அந்தப் பருத்த மரங்கள். பிரிஸ்பேனுக்குத் தென்கிழக்கே ‘கோவாலா கடற்கரை’ என்றே பெயர் பெற்ற வட்டாரத்தில், 1996-க்கும் 2014-க்கும் இடையில் அவற்றின் எண்ணிக்கை சுமார் 80 சதவீதம் சரிந்தது. மர அழிப்பு, கார், நாய், கிளமிடியா நோய் எல்லாம் கூடிச் செய்த வேலை அது. 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பிரதேசம் மூன்றிலும் அழியும் ஆபத்திலுள்ள இனமாக கோவாலாவை அரசு அறிவித்தது. மரம் நின்ற இடத்தில் தார், கான்கிரீட், தகரக் கூரை. பகல் முழுக்க வெப்பத்தை வாங்கி இரவில் திருப்பிக் கக்குபவை. நிழலைப் பிடுங்கி அந்த இடத்தில் அடுப்பு மூட்டிவிட்டு, வாசலில் ஒரு கிண்ணம் நீர் வைத்துப் புண்ணியம் எதிர்பார்ப்பது, வயலை எழுதி வாங்கிக்கொண்டவன் வயல்காரனுக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றி வள்ளல் பட்டம் கேட்பதைப் போன்றது. திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் தனித்தனி அதிகாரங்கள், அடுத்தடுத்து நிற்பவை. ஈகை இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு கூடி வாழ்வதால் நம்மேல் விழும் கடப்பாடு. கிண்ணத் தண்ணீரை நம் மனம் கூச்சமில்லாமல் ஈகையில் சேர்த்துக்கொள்கிறது. உண்மையில் அது ஒப்புரவுக்கும் ஒரு படி கீழே, எடுத்ததைத் திருப்பித் தரும் வேலை. ஈபவன் விரும்பும்போது நிறுத்தலாம், விரும்பியதைக் கொடுக்கலாம், பாட்டிலில் ஊட்டிப் படமும் எடுக்கலாம். கடன்காரனுக்கு இதில் எதற்கும் உரிமை இல்லை. எடுத்தது எதுவோ அதைத் தர வேண்டும்.

இதற்கு மிக வலுவான மறுப்பு, விலங்குரிமை பேசுகிறவர்களிடமிருந்தே வருகிறது. காட்டு விலங்கை அதன்போக்கில் விட்டுவிடுவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை என்பது 1983-இல் வந்த நூலில் தத்துவ அறிஞர் டாம் ரீகன் சொன்னதன் சாரம். சிங்கத்திடமிருந்து மானைக் காப்பது நம் வேலை இல்லை என்றால், வெயிலிடமிருந்து கோவாலாவைக் காப்பது மட்டும் எப்படி நம் வேலையாகும்? ஆஸ்திரேலியாவுக்கு அனற்காற்று புதிதா என்ன? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இன்னொரு தத்துவ அறிஞரான கிளேர் பால்மர் 2010-இல் வந்த தன் நூலில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். 2007-இல் கென்யாவின் மாரா ஆற்றைக் கடக்கையில் வில்டபீஸ்ட் என்னும் காட்டு விலங்குகள் ஆயிரக்கணக்கில் மூழ்கி இறந்தன. அவற்றைக் காப்பாற்றும் கடமை நமக்கில்லை என்று நம் மனம் ஒப்புவது சரியே. ஆனால், ஒரு விலங்கு தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலைக்கு மனிதர் செயலே காரணமென்றால், அங்கே உதவும் கடமை பிறந்துவிடுகிறது. அனற்காற்று பழையதுதான், அதற்குக் கோவாலா கண்டுபிடித்து வைத்திருந்த பதிலும் பழையதுதான். அந்தப் பதில் மரம். வெயிலை இயற்கை என்று சொல்லிவிடலாம், மரம் இல்லாததை எப்படிச் சொல்வது? வெயிலையும் முழுசாக இயற்கையின் தலையில் கட்ட முடியாது. 2019 ஜனவரி 24 அன்று அடிலெய்டில் 46.6 டிகிரி, 2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் மேற்கே பென்ரித்தில் 48.9 டிகிரி. ஒரு நாள் வெயிலுக்கு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாதுதான். ஆனால் இத்தகைய நாட்கள் கூடிக்கொண்டே வருவதற்குக் காரணம் நாம் எரித்த எரிபொருள்.

சரி, மரத்தை வெட்டியது யாரோ, அந்த வீட்டை நேற்று வாங்கியவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்கலாம். மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. முன்னவர் பட்ட கடன் மனையோடு சேர்ந்தே கைமாறும் என்பது தெரிந்ததால்தானே பார்க்கிறோம்? வெட்டியவர் செத்திருக்கலாம், வெட்டியதால் கிடைத்த இடத்தில் படுத்து உறங்குபவர் இருக்கிறார். அடிலெய்டில் இந்த மறுப்புக்கு இன்னொரு முகம் உண்டு. லாஃப்டி மலைத்தொடரின் கோவாலாக்கள் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை. பல இடங்களில் தேவைக்கு மேல் பெருகி மரங்களையே மொட்டையடிக்கின்றன. அந்நியப் பிராணிக்கு ஏன் உபசாரம் என்கிறார்கள். கொண்டுவந்து விட்டது மனிதர் என்பதால் பொறுப்பு கூடத்தான் செய்யும். எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கக் கருத்தடை செய்வதை நான் மறுக்கவில்லை. கடன் என்பது பெருக்குவதற்கான வாக்குறுதி அல்ல, இருக்கும் உயிரைத் தாகத்தில் சாகவிடாமல் இருப்பதற்கானது.

கிண்ணம் வைத்தால் பழகிவிடும், நோய் பரவும் என்பது நடைமுறை சார்ந்த கவலை. நியூ சவுத் வேல்ஸின் கன்னெடா வட்டாரம் இதற்கு ஓரளவு விடை சொல்கிறது. 1990-களில் நிலத்தில் உவர் ஏறுவதைத் தடுக்க விவசாயிகள் அங்கே மரம் நட்டார்கள், கோவாலாக்கள் பெருகின, ஊரும் தன்னைக் கோவாலாத் தலைநகர் என்று சொல்லிக்கொண்டது. 2009-இன் அனற்காற்றில் அவற்றில் ஏறத்தாழ கால்பங்கு மடிந்தது. பிறகு சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மரங்களில் தண்ணீர்த் தொட்டிகள் வைத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் 600-க்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின. வெப்பம் கூடக்கூட, மழை குறையக்குறையக் குடிப்பது கூடியது. தேவைப்படும்போது வந்து, மற்ற நேரத்தில் இலையோடு நிறுத்திக்கொள்ளும் விலங்கைச் சோம்பேறியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நோய்க் கவலை நியாயமானது. அதற்குக் கிண்ணத்தைத் தினமும் கழுவ வேண்டும், அவ்வளவே. இதைவிட ஆபத்து வீட்டு நீச்சல் குளத்தில் இருக்கிறது. கோவாலாவுக்கு நீந்தத் தெரியும், வழுவழுப்பான சுவரில் ஏறத் தெரியாது. குளத்துக்குள் தொங்கும்படி ஒரு தடித்த கயிற்றைக் கரையில் கட்டிவைத்தால் அது ஏறிப் பிழைத்துக்கொள்ளும்.

எனக்கே உறுத்தும் மறுப்பு ஒன்று உண்டு. 2018 நவம்பரில் குயின்ஸ்லாந்தின் கெய்ன்ஸ் வட்டாரத்தில் இரண்டே நாள் வெயிலில் கண்ணாடிப் பழவௌவால்கள் சுமார் 23,000 செத்து விழுந்தன. ஆஸ்திரேலியாவில் அந்த இனத்தில் மூன்றிலொரு பங்கு. அவற்றுக்காக சைக்கிளை நிறுத்தியவர் எத்தனை பேர்? வௌவால் தங்கும் மரத்தின்கீழ் சத்தம் எழுப்பி விரட்டுவதே பல ஊர்களில் நடக்கிறது. வட்ட முகமும் பஞ்சுக் காதும் இல்லாவிட்டால் கோவாலாவுக்கும் இதே கதிதானோ என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் இந்த மறுப்பு கருணைக் கணக்கைத்தான் கவிழ்க்கிறது. கருணை முகம் பார்க்கும். கடன் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குக் கொடுத்தாக வேண்டும், அவர் வௌவாலாகவே இருந்தாலும்.

கடைசியாகத் தீ. 2013 அக்டோபரில் சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் பகுதியில் ஏறக்குறைய 200 வீடுகள் எரிந்தன. அடுத்த ஆண்டு வந்த விதிப்படி, குறிப்பிட்ட பகுதிகளில் வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் உள்ள மரத்தை அனுமதி கேட்காமலே வெட்டலாம். வெயில் உச்சத்தில் இருக்கும் நாளே தீ பற்றும் நாள். கோவாலா கட்டிக்கொள்ளும் மரமே வீட்டைக் கொளுத்தும் மரமாகவும் ஆகலாம். மனித உயிரா, மரமா என்று வந்தால் மனித உயிர்தான். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் அந்தப் பத்து மீட்டர் வீட்டுச் சுவரிலிருந்து அளக்கப்படுகிறது. காட்டோரமாக இன்னொரு வரிசை வீடு எழும்போது அளவுகோலும் காட்டுக்குள் நகர்கிறது. ஆகவே அந்தக் கேள்வி, மரத்தை வெட்டும் நாளில் கேட்கப்பட வேண்டியதே அல்ல, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் நாளில் கேட்கப்பட வேண்டியது. சிட்னியின் தென்மேற்கே கேம்ப்பெல்டவுனில் கிளமிடியா அண்டாததாகப் பெயர்பெற்ற கோவாலாக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டியே புதுக் குடியிருப்புகளும் எழுகின்றன. விலங்கு நடமாடும் வழித்தடம் சராசரியாக 390 முதல் 425 மீட்டர் அகலம் வேண்டும் என்று மாநிலத் தலைமை விஞ்ஞானியின் குழு 2020-இல் பரிந்துரைத்தது. அசல் பற்றிய பேச்சு நடப்பது அங்கே, வரைபடத்தின் மேல், மீட்டர் கணக்கில். வழித்தடத்துக்கு இடம் விட்டு, கன்றுகளை நட்டாலும், அவற்றின் தண்டு இன்றைக்கு ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஒரு கோவாலா நெஞ்சை அழுத்திப் படுக்கும் பருமனுக்கு அவை வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை மரத்தடியில் கிண்ணம் இருக்கட்டும், சிறு பல்லி விழுந்தாலும் ஏறி வெளியேற உள்ளே ஒரு கல்லோடு.