மூக்கைப் பொத்திய எஜமான்

வேலைக்காரரைத் திட்டுவதில்லை, அடிப்பதில்லை, கூலியைப் பிடிப்பதில்லை. இவ்வளவும் இருந்தால் ஒருவர் நல்ல எஜமான் ஆகிவிடுவாரா?

தென் கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ 2019-இல் எடுத்த ‘பாரசைட்’ என்ற படம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்புகிறது. ஆங்கிலமல்லாத மொழிப் படங்களுள் முதன்முதலாக, 2020-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றதும் அதுவே.

சியோல் நகரில், பாதி தரைக்குக் கீழே அமைந்த வீட்டில் ஓர் ஏழைக் குடும்பம். தாய், தகப்பன், மகன், மகள் நால்வரும் தங்கள் உறவை மறைத்து, ஒருவர்பின் ஒருவராக ஒரு செல்வரின் மாளிகையில் வேலைக்கு அமர்கிறார்கள். செல்வர் கொடியவரல்லர். மரியாதையாகப் பேசுகிறார், தாராளமாகக் கொடுக்கிறார். ஆனால், பணியாளர் ‘எல்லை’ தாண்டக்கூடாது. காரோட்டி எல்லையைத் தாண்டுவதில்லை, அவர் மீது வீசும் வாடைதான் தாண்டி வருகிறது என்று மனைவியிடம் சொல்கிறார். மேசைக்கடியில் ஒளிந்திருக்கும் காரோட்டியின் காதில் அது விழுந்துவிடுகிறது.

அன்றிரவு மழையில் ஏழையின் வீடு சாக்கடை நீரில் மூழ்குகிறது. (இது வெறும் கற்பனையன்று. 2022 ஆகஸ்டில் சியோலில் இத்தகைய வீடொன்றில் வெள்ளம் புகுந்து ஒரே குடும்பத்தார் மூவர் மாண்டனர்.) மறுநாள் எஜமானி அதே மழையைப் புகழ்ந்து, தோட்டத்தில் விருந்து வைக்கிறாள். அங்கே இரத்தம் சிந்தப்படும் வேளையிலும் எஜமான் வாடை பொறுக்காமல் மூக்கைப் பொத்துகிறார். கண்ட காரோட்டி அவரைக் கத்தியால் குத்திவிடுகிறார்.

கொலைக்கு நியாயம் கிடையாது. அந்தக் குடும்பமும் பொய் சொல்லித்தான் முன்பிருந்த காரோட்டியையும் பணிப்பெண்ணையும் வெளியேற்றியது. ஏழையே ஏழையின் வயிற்றில் அடித்தான். அமானிதம் இரு சாரார் மீதும் கடமை. ஆனால், பணியாளரின் பொய்யைப் பிடித்துத் தண்டிக்கச் சட்டம் உண்டு. எஜமானின் ஏளனத்தைப் பிடிக்க எந்தச் சட்டமும் இல்லை. அதனால்தான் அது மார்க்கத்தின் பொறுப்பாகிறது.

நல்ல ஆடை அணிவது பெருமையாகாது. உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று நபிகள் நாயகம் (ஸல்) விளக்கினார்கள். பணியாள் உணவு கொண்டுவந்தால் உடன் அமர்த்துமாறும், இயலாவிட்டால் ஓரிரு கவளமேனும் கொடுக்குமாறும் பணித்தார்கள். காரணம், அடுப்பின் சூட்டையும் புகையையும் தாங்கியவர் அவரல்லவா? உழைப்பின் வாடை அந்தச் செல்வருக்கு விலக்கி வைக்கக் காரணமாயிற்று. பெருமானாரோ உழைப்பின் புகையையே அருகில் அமர்த்தக் காரணமாக்கினார்கள்.

பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தோம் என்று நாம் மனநிறைவு கொள்கிறோம். நல்லதுதான். ஆனால், நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு எந்தத் தட்டில், எங்கே உட்காரவைத்து உணவு தருகிறோம்? நம் தர்மத்தைவிட அந்தத் தட்டே நம்மைப் பற்றி அதிகம் சொல்லும்.